ரங்கூன் சுவரில் இல்லாத பெயர்கள்

ரங்கூனிலிருந்து வடக்கே பகோ போகும் சாலையில் இருக்கிறது தௌக்கியான் போர்க்கல்லறை. 6,374 கல்லறைகள். நடுவில் உள்ள தூண் மண்டபத்தில், புதைத்த இடமே தெரியாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். இந்தியப் படையினர்தான் அதிகம்.

கூட வந்த ரங்கூன் தமிழர் ஒரு தூணைத் தட்டிச் சொன்னார்: "படையில செத்தா கல்லுல பேரு. நடந்தே செத்தவங்களுக்கு ஏது தம்பி?"

1942 மார்ச் 8-இல் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. சுமார் ஐந்து லட்சம் இந்தியர்கள் இந்தியாவுக்குத் தப்பி ஓடினார்கள்; பெரும்பாலோர் காடு மலை வழியே நடந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே மாண்டார்கள். 1931 கணக்கெடுப்பில் இந்நகரவாசிகளில் பாதிக்கு மேல் இந்தியர் என்றால் நம்ப முடிகிறதா?

போர்தான் பேரரசுகளை உடைக்கிறது என்பார்கள். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. 1937-லேயே பர்மாவை இந்தியாவிலிருந்து பிரித்தாயிற்று. நெல் விலை சரிந்தபின் கீழ்ப் பர்மாவின் முக்கிய மாவட்டங்களில் கால்பங்கு நிலம் கடன் கொடுத்த செட்டியார்கள் கைக்குப் போயிருந்தது. வெறுப்பு அப்போதே இருந்தது. ஆனாலும் கூலியும் காவலும் தந்தவரை பேரரசின் கட்டு அவிழவில்லை. அந்தக் காவல் பொய்யென்று போர் காட்டியது. முதல் உலகப் போரின்போது ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசிலும் இப்படித்தான்: 1918 ஜனவரியில் மாவுப் பங்கீட்டைக் குறைத்ததும் வியன்னா தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்; அக்டோபரில் செக்குகள் தனி நாடு அறிவித்தார்கள்.

உடைந்த துண்டு ஒரே இனத்தின் வீடாகிவிடுவதில்லை. 1947-இல் பாங்லாங் ஊரில் பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சான், ஒரே நாடாகச் சேர்வதற்கு ஷான், கச்சின், சின் இனத் தலைவர்களோடு ஒப்பந்தம் போட்டார். அதே ஆண்டு ஜூலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஷான், கரென்னி மாநிலங்கள் பத்தாண்டு கழித்து விலகலாம் என்று அரசியல் சட்டமே எழுதியது. 1949-இல் கரென் இனத்தவரின் கிளர்ச்சி. கூட்டாட்சி பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருக்கையிலேயே, 1962 மார்ச்சில் படைத்தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். பிறகு கடைகளெல்லாம் அரசுடைமை, இந்தியர்களுக்குச் சென்னைக்குக் கப்பல்.

என்னோடு வந்த ரங்கூன் தமிழரின் குடும்பம் கப்பல் ஏறவில்லை. 1982 சட்டப்படி, 1823-க்கு முன்பே இங்கே குடியிருந்த இனங்களுக்குத்தான் இயல்பாகவே முழுக் குடியுரிமை. முதல் ஆங்கிலோ-பர்மியப் போர் தொடங்கியது 1824-இல். இவர் பாட்டனார் வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார்: இணைக் குடிமகன்.