காய்ச்சல் குழந்தையின் சிறுநீர் மாதிரி

சளி, இருமல் எதுவுமின்றி கைக்குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சலா? சிறுநீர்த் தொற்றா என்று அறிய சிறுநீரைப் பரிசோதித்தே ஆக வேண்டும். மூன்று மாதம் நிறையாத குழந்தையென்றால் காத்திருக்கவே கூடாது, உடனே மருத்துவமனைதான்.

பெரும்பாலும் தவறு நடப்பது மாதிரி எடுப்பதில். குழந்தையின் தோலில் ஒட்டும் பையில் (ஒட்டுப்பை) பிடித்த சிறுநீரில் தோலிலும் மலத்திலும் உள்ள கிருமிகள் கலந்துவிடும். கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அது உதவாது. சிறுநீர் வரும் இடத்தைக் கழுவி, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைக் கிருமிநீக்கிய டப்பாவில் நேரடியாகப் பிடியுங்கள். முடியாவிட்டால் மருத்துவமனையில் சிறு குழாய் வைத்து எடுப்பார்கள். பார்க்கப் பாவமாக இருக்கும், ஆனாலும் அது நம்பகமானது. ஆய்வகம் சேரத் தாமதமானால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், வெளியே கிருமி பெருகிவிடும். எல்லாம் ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸுக்கு முன்பே.

மருந்து தொடங்கி 48 மணி நேரத்தில் காய்ச்சல் தணியாவிட்டால் மறுபடி காட்டுங்கள். தொற்று திரும்பத் திரும்ப வந்தால் மலச்சிக்கலைக் கவனியுங்கள்: நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்தி, சிறுநீரைத் தேங்க வைக்கும்.