பிராசஸர், போர்டு, ராம் இருக்கிறது. மீதியை வேலூர் வெயிலுக்கும் கரண்டுக்கும் ஏற்ற மாதிரி வாங்குவது

கேமிங் கம்ப்யூட்டரை மொத்தமாக ஒரே நாளில் வாங்குகிறவர்கள் நம் பக்கம் குறைவு. முதலில் பிராசஸரும் மதர்போர்டும் ராமும் வரும். கொஞ்ச நாள் கழித்துப் பணம் சேர்ந்ததும் மீதி. இந்த "மீதி"யில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். இருக்கிற பணத்தில் முக்கால்வாசியைக் கிராபிக்ஸ் கார்டுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி), கேபினெட், மானிட்டர் எல்லாவற்றையும் முடிக்கப் பார்ப்பார்கள்.

ஒரு கார்டின் விலை பில்லில் இருக்கும் தொகை மட்டும் இல்லை. அது எத்தனை வாட் இழுக்கிறதோ அதைத் தாங்கும் எஸ்எம்பிஎஸ், அது கக்கும் சூட்டை வெளியே தள்ளும் கேபினெட், கரண்ட் போனால் அதைத் தாங்கிப் பிடிக்கும் யூபிஎஸ் மூன்றும் அந்தக் கார்டின் கணக்கில்தான் சேரும். சித்திரை, வைகாசியில் வீட்டுக்குள்ளேயே 38, 40 டிகிரி இருக்கும் ஊரில் இந்தக் கணக்கைத் தள்ளிப்போட முடியாது.

உதாரணத்துக்கு நம் ஊரில் அதிகம் பார்க்கக்கூடிய ஒரு செட்டையே எடுத்துக்கொள்வோம்: ரைசன் 5 5600, பி450 அல்லது பி550 போர்டு, டிடிஆர்4 ராம் 16 ஜிபி. 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறியிருக்கும் நிலையில், கையில் டிடிஆர்4 இருக்கிறவர்கள் அதை விற்றுவிட்டு டிடிஆர்5க்குத் தாவ வேண்டிய அவசியமே இல்லை. இருக்கிற 16 ஜிபி ஒரே குச்சியாக இல்லாமல் 8 ஜிபி இரண்டாக இருந்தால் நல்லது. நான்கு ஸ்லாட் உள்ள போர்டு என்றால், பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் அவை இருக்க வேண்டும். பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் போர்டின் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி என்ற பெயரில் இருக்கும் அமைப்பை ஆன் செய்யாவிட்டால், 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ராம் 2133லோ 2400லோ 2666லோ ஓடிக்கொண்டிருக்கும். ரைசனில் இந்த வித்தியாசம் விளையாட்டில் கண்ணுக்கே தெரியும்.

தேர்வை மானிட்டரிலிருந்து தொடங்குங்கள். 24 அங்குலம், 1080பி (1920×1080 புள்ளிகள்), ஐபிஎஸ் பேனல், 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாறுவது) அல்லது அதற்கு மேல். இந்த பட்ஜெட்டில் 1440பி மானிட்டர் வாங்கினால், அதை ஓட்டப் பெரிய கார்டு வேண்டும், பிறகு பெரிய எஸ்எம்பிஎஸ் வேண்டும், செலவு சங்கிலியாக நீளும். 1080பி என்று முடிவு செய்த உடனே 8 ஜிபி மெமரி உள்ள கார்டு போதும் என்பதும் முடிவாகிவிடுகிறது. விளையாட்டின் செட்டிங்ஸில் டெக்ஸ்சரை (பரப்புகளின் நுணுக்கத்தை) அல்ட்ராவிலிருந்து ஒரு படி இறக்கி வைத்தால் புதிய விளையாட்டுகளும் ஓடும். மானிட்டருடன் வரும் எச்டிஎம்ஐ கேபிளை விட டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் மேல். எச்டிஎம்ஐ 1.4 என்றால் 1080பியில் 120 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். வாங்கி மாட்டிய பிறகு விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் போய் ஹெர்ட்ஸைக் கையால் மாற்ற வேண்டும். மாற்றாமல் மாதக்கணக்கில் 60லேயே விளையாடுகிறவர்கள் நிறையப் பேர்.

இப்போது கார்டு. 1080பிக்கு ஆர்எக்ஸ் 6600 இன்னும் நல்ல தேர்வு. 8 ஜிபி, 132 வாட், ஒரே ஒரு 8 பின் இணைப்பு. புதிதாகவே வேண்டும் என்றால் ஆர்டிஎக்ஸ் 5060 சுமார் 145 வாட், அதுவும் 8 ஜிபி. இரண்டும் எட்டு லேன் (போர்டுக்கும் கார்டுக்கும் இடையே தரவு போகும் பாதை) கார்டுகள். பி450 போர்டில் பிசிஐஇ 3.0 என்ற பழைய தலைமுறை இணைப்பு மட்டுமே இருப்பதால் கொஞ்சம் வேகம் குறையும், ஆனால் கவலைப்படும் அளவுக்கு இல்லை. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி விஷயம் வேறு. அதற்கு நான்கே லேன், 4 ஜிபி மெமரி. பி450யில் அதைப் போட்டால் மெமரி நிரம்பும் போதெல்லாம் படம் விக்கும். விலையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

பெயரில் ஏமாறும் இடங்களும் உண்டு. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி, 6 ஜிபி என இரண்டு உண்டு. 6 ஜிபி கார்டில் கோர்கள் குறைவு, வேகமும் குறைவு. அதன் ஒரே பெருமை 70 வாட்டில் தனி பவர் கேபிள் இல்லாமல் ஓடுவது. பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட அது சரி, இந்த செட்டுக்கு வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 3060லும் 12 ஜிபி, 8 ஜிபி என இரண்டு. 8 ஜிபி கார்டின் மெமரி பஸ் (மெமரிக்குப் போகும் பாதையின் அகலம்) 192 பிட்டிலிருந்து 128க்கு இறங்கிவிட்டது. இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபி என்பதால் ஆசையாக இருக்கும். அதற்கு ரீசைஸபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே நேரத்தில் எட்ட விடும் வசதி) கட்டாயம், பழைய பி450 போர்டில் பயாஸ் அப்டேட் செய்து, பயாஸில் சிஎஸ்எம் என்ற பழைய பூட் முறையை ஆஃப் செய்த பிறகுதான் அது கிடைக்கும். 190 வாட் இழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கலாம், தப்பில்லை. ஆனால் ஆர்எக்ஸ் 580 என்று விற்கப்படுவதில் பல, 2048 ஷேடர் (கார்டின் கணக்கிடும் கோர்) மட்டுமே உள்ள வெட்டப்பட்ட வகை. ஜிபியு இசட் மென்பொருளில் ஷேடர் எண்ணிக்கை 2304 என்று வந்தால்தான் அது முழு 580. ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு என்விடியா 2025 அக்டோபரோடு கேம் ரெடி டிரைவரை நிறுத்திவிட்டது, அதனால் 1060, 1070க்கு இனி அதிக விலை கொடுக்க வேண்டாம். விற்பவர் வீட்டிலேயே கால் மணி நேரம் ஃபர்மார்க் (கார்டை முழு வேலையில் வைத்துச் சோதிக்கும் மென்பொருள்), அதன் பிறகு ஒரு விளையாட்டு ஓட்டிப் பார்த்து, ஃபேன் எல்லாம் சுற்றுகிறதா, ஹாட்ஸ்பாட் சூடு (சிப்பின் மிகச் சூடான புள்ளி) கார்டின் பொதுவான சூட்டை விட 30 டிகிரிக்கு மேல் விலகி நிற்கிறதா என்று பாருங்கள். விலகினால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். பேஸ்ட் மாற்றும் செலவையும் உழைப்பையும் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்துக்கு வருவோம். பொறுமையாகப் பார்க்க வேண்டிய பாகம் இதுதான். கணக்கு எளிது. 5600 பிராசஸர் முழு வேலையில் சுமார் 76 வாட், ஆர்எக்ஸ் 6600 132 வாட், போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 50. மொத்தம் 260ஐத் தாண்டாது. அப்படியானால் கேபினெட்டோடு இலவசமாக வரும் "450 வாட்" போதுமே என்று தோன்றும். அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். பிராசஸரும் கார்டும் உறிஞ்சுவது 12 வோல்ட் வரியிலிருந்து. அங்கே 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 12ஐ 16ஆல் பெருக்கிக் கிடைக்கும் 192 வாட்தான் உங்களுக்கு உண்மையில் கிடைப்பது. நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே வரியில் 40 ஆம்பியருக்கு மேல் இருக்கும். கார்டு ஒரு நொடியின் சிறு பகுதிக்குத் தன் அளவை மீறி இழுக்கும் நேரங்கள் உண்டு, அதையும் அது தாங்கும்.

மட்டமான எஸ்எம்பிஎஸ் எப்படித் தோற்கும் என்றால், டெஸ்க்டாப்பில் எல்லாம் நன்றாக இருக்கும். விளையாட்டு சூடு பிடிக்கும்போது திரை சட்டென்று கருத்து ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று பதிவாகியிருக்கும். அதைப் பார்த்ததும் விண்டோஸை மறுபடி ஏற்றிக்கொண்டு இருக்காதீர்கள், முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல் இருக்கட்டும்.

நம் பகுதிக்கென்று இன்னொன்றும் பார்க்க வேண்டும். கோடைக் கால இரவில் ஏசி எல்லாம் ஓடும்போது வோல்டேஜ் 180க்கும் கீழே இறங்கும் தெருக்கள் உண்டு. ஆற்காடு, குடியாத்தம் சுற்றியுள்ள கிராமங்களில் இருப்பவர்கள் ஸ்டிக்கரில் "ஏசி இன்புட்" வரியைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஒரே கம்பெனியின் ஒரே பெயரில் 100–240 வோல்ட் வகையும் உண்டு, 200–240 மட்டும் ஏற்கும் மலிவு வகையும் உண்டு. நமக்கு வேண்டியது முதலாவது. பின்னால் சிவப்பு நிற 115/230 சுவிட்ச் இருந்தால் அது பழைய டிசைன், ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்கும் சுற்று) இருக்காது, வைத்துவிட்டு வாருங்கள்.

கேபிள் மாட்டும்போது இரண்டு கவனங்கள். 4+4 என்று பிரியும் கேபிள் பிராசஸருக்கு, 6+2 என்று பிரிவது கார்டுக்கு. பார்க்க ஒன்று போலவே இருக்கும், மாற்றி அழுத்திச் சொருகப் பார்க்காதீர்கள். மாடுலர் (கேபிளைக் கழற்றி மாட்டக்கூடிய) எஸ்எம்பிஎஸ் என்றால் இன்னொரு மாடலின் கேபிளை எடுத்துப் போடவே கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்கும் எரிந்துபோகும்.

யூபிஎஸ்: கடையில் முதலில் காட்டுவது 600 விஏ. அதன் உண்மைத் திறன் 360 வாட். மேலே சொன்ன 260 வாட், எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாவது, மானிட்டர் எல்லாம் சேர்ந்து பிளக்கில் 330 வரை போகும். எல்லையை இவ்வளவு ஒட்டி நிற்பதால், விளையாடும் நேரத்தில் கரண்ட் போனால் அலறிவிட்டு அணைந்துவிடலாம். 1000 அல்லது 1100 விஏ, 600 வாட் பக்கம் வாங்குங்கள். விளையாட்டைச் சேமித்து ஷட்டவுன் செய்ய ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும். வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்து அது ப்யூர் சைன் வேவ் (வீட்டுக் கரண்டைப் போலச் சீரான அலை கொடுக்கும்) வகை என்றால், பின்னால் உள்ள சுவிட்சை யூபிஎஸ் மோடுக்கு மாற்றிப் பாருங்கள், தனி யூபிஎஸ் தேவைப்படாமலே போகலாம். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் கேமிங் கம்ப்யூட்டரை ஓட்ட வேண்டாம்.

கேபினெட்டைத் தொட்டால் சுருசுருவென்று ஷாக் அடிக்கிறது என்றால் எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர்கள் சிறு மின்னோட்டத்தை உலோக உடலுக்கு அனுப்பும், அது எர்த் வழியாக இறங்க வேண்டும். உங்கள் சுவரில் எர்த் இல்லை என்பதுதான் அந்தச் சுருசுருப்பு சொல்லும் செய்தி. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 பக்கம், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் வர வேண்டும். எர்த் சரியாக இல்லாத வீட்டில் கார்டில் செலவழிப்பதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

கேபினெட் வாங்கும்போது முன்பக்கம் வலைக் கம்பியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கண்ணாடி முகப்பு, உள்ளே வண்ண விளக்கு, இதெல்லாம் ஊட்டியில் நன்றாக இருக்கும். பாகங்களின் சூடு அறைச் சூட்டின் மேல்தான் ஏறும். மார்கழியில் அறை 26 இருக்கும்போது கார்டு 68 காட்டினால், கத்திரியில் அறை 40 ஆகும்போது அதே விளையாட்டில், அதே ஃபேன் வேகத்தில் 82க்கு வரும். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை என்றால் இன்னும் மோசம். முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, முன்பக்கம் கழற்றிக் கழுவும் தூசி ஃபில்டர். இது போதும். ஏர் கூலர் வைத்திருப்பவர்கள் அதன் ஈரக் காற்றை நேராகக் கேபினெட்டுக்குத் திருப்பாதீர்கள்.

5600உடன் வரும் சிறிய கூலர் சித்திரையில் திணறும். அதன் எல்லை 90 டிகிரி, அதைத் தொட்டதும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கையில் காசு இருந்தால் 120 மி.மீ. ஃபேன் கொண்ட ஒற்றை டவர் கூலர் போடலாம், உயரம் 150 மி.மீ. பக்கம் இருக்கும், கேபினெட்டின் இடைவெளியை முதலில் பார்த்துவிடுங்கள். காசு இல்லை என்றால் பயாஸில் ஈகோ மோட் (பிராசஸர் இழுக்கும் வாட்டைக் குறைக்கும் அமைப்பு) இருக்கிறதா என்று தேடுங்கள். விளையாட்டில் வேகம் பெரிதாகக் குறையாது, சூடு நன்றாகவே இறங்கும். கார்டுக்கு எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) வரம்பு போடுவதும் அதே வேலையைச் செய்யும்.

எஸ்எஸ்டியில் குழப்பம் குறைவு. பிசிஐஇ 3.0 என்விஎம்இ, 1 டிபி. ஒரு விளையாட்டே 100 ஜிபியைத் தாண்டும் காலத்தில் 500 ஜிபி சீக்கிரம் நிரம்பும். எம்.2 என்ற அதே குச்சி வடிவத்திலேயே வேகம் குறைந்த சாட்டா வகையும் உண்டு, பெட்டியில் என்விஎம்இ என்று இருக்க வேண்டும். பல போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் இரண்டு சாட்டா போர்ட் செத்துவிடும், பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போனால் காரணம் அதுதான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால் 11 போடுங்கள், பயாஸில் எஃப்டிபிஎம், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்புகள் இரண்டையும் ஆன் செய்துவிட்டு. விண்டோஸ் 11இல் வாலோரன்ட் விளையாட இவை இரண்டும் தேவை.

எங்கே வாங்குவது? நமக்கு ஒரு வசதி, காட்பாடியில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் சென்னை ரிச்சி தெரு, மறு பக்கம் பெங்களூரு எஸ்.பி. ரோடு. ஆனால் எல்லாவற்றையும் அங்கேயே வாங்கத் தேவையில்லை. மானிட்டரும் கேபினெட்டும் வேலூர் கடையிலேயே வாங்குவது நல்லது. கண்ணாடி உடையாது, மானிட்டரில் செத்த புள்ளி இருக்கிறதா என்று அங்கேயே போட்டுப் பார்க்கலாம், பிரச்சினை என்றால் ஆட்டோவில் எடுத்துப் போய் மாற்றலாம். கார்டும் எஸ்எஸ்டியும் விலை குறைவாகக் கிடைக்கும் இடத்தில் வாங்குங்கள், பில்லில் ஜிஎஸ்டியும் சீரியல் நம்பரும் ஏறியிருந்தால் போதும். பில் வேண்டாம் என்றால் 18 சதவீதம் குறைக்கிறேன் என்று சொல்லும் கடையில் கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் வாங்க வேண்டாம், வாரன்டிக்குப் போகும்போது அந்த பில்தான் கேட்பார்கள்.

பணத்தைப் பிரிப்பதில் என் கருத்து: மீதித் தொகையில் கார்டு பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கார்டில் ஒரு படி இறங்குங்கள், எஸ்எம்பிஎஸ்ஸில் இறங்காதீர்கள். ஒரே நேரத்தில் எல்லாம் முடியாது என்றால் கார்டையும் மானிட்டரையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் ஒரே வாரத்தில் வாங்கிவிட்டு, டவர் கூலரையும் கூடுதல் ஃபேனையும் தை மாதம் வரை தள்ளிவைக்கலாம். 5600இல் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது, கார்டு வராமல் திரையில் படமே வராது. அதனால் எஸ்எம்பிஎஸ்ஸையும் எஸ்எஸ்டியையும் முன்கூட்டி வாங்கி வைத்தால் சோதித்துப் பார்க்கவே முடியாமல் மாற்றிக்கொடுக்கும் காலம் ஓடிவிடும். எல்லாம் வந்த அன்றே மாட்டி, மானிட்டர் கேபிளை போர்டில் சொருகாமல் கார்டில் சொருகி, ஒரு மணி நேரம் கனமான விளையாட்டு ஒன்றை ஓட்டிப் பாருங்கள். குறை இருந்தால் பெட்டியையும் தெர்மோகோலையும் தூக்கிப் போடுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.