நூலகத்தில் விஆர்: ஹெட்செட் வாங்கும் முன் டேப்பை எடுங்கள்

நூலகத்தில் விஆர் (மெய்நிகர் காட்சி) தொடங்க நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, கண்ணை மறைத்துத் தலையில் மாட்டும் ஹெட்செட்டில் எதை வாங்கலாம் என்பதுதான். அதற்கு முன் தரையை அளந்துவிடுங்கள். நின்று நடமாட ஒருவருக்கு 2 மீட்டருக்கு 2 மீட்டராவது வெறுந்தரை வேண்டும். வீசிய கை அலமாரியில் இடிக்காமலிருக்கச் சுற்றிலும் இன்னும் அரை மீட்டர். அவ்வளவு இடமில்லையா, சக்கரமில்லாத சுழல் நாற்காலி போதும். தொடக்கத்துக்கு அதுவே நல்லது.

மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் போன்ற ஹெட்செட்கள் தங்கள் கேமராக்களால் அறையைப் பார்த்துத்தான் இருக்குமிடத்தைக் கணக்கிடுகின்றன. மங்கிய வெளிச்சத்திலும் பெரிய கண்ணாடிக்கு முன்னும் கணக்கு தப்பும், காட்சி நழுவும். ஜன்னலோரத்தில் கழற்றி வைக்கவே கூடாது. லென்ஸ் வெயிலைக் குவித்துத் திரையில் அழியாத பொட்டு விழச் செய்துவிடும்.

உள்ளே தெரிவது பக்கத்து டிவியிலும் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் உதவிக்கு நிற்பவர் எந்தப் பட்டனை அழுத்தச் சொல்வார்? பொது வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்கவிடாமல் தடுத்திருப்பார்கள். அதனால் இதற்கென்று 5 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டர் ஒன்றைத் தனியாக வைத்துவிடுங்கள்.

“மங்கலா தெரியுது” என்பதுதான் அடிக்கடி வரும் புகார். பெரும்பாலும் கோளாறு லென்ஸில் இல்லை, மாட்டியதில். பட்டையைத் தளர்த்தி, எழுத்து கூர்மையாகும்வரை மேலும் கீழுமாக மெல்ல நகர்த்தச் சொல்லுங்கள். அங்கேயே பிடித்துக்கொண்டு பட்டையை இறுக்குங்கள். பிறகு கண்களின் இடைவெளிக்கேற்ப லென்ஸைச் சரிசெய்யலாம். இதற்கே சில நிமிடங்கள் போகும். ஆளுக்கு 15 நிமிடம் ஒதுக்கி, முதல்முறை பார்ப்பவருக்கு 5 நிமிடக் காட்சி மட்டும் காட்டுங்கள்.

குமட்டலுக்குப் பெரும்பாலும் காரணம், கைக்கருவியிலுள்ள குச்சியைத் தள்ளி நகரும் காட்சிகள். கண் நகர்கிறேன் என்கிறது, உடலின் அசைவை உணரும் உள்காது இல்லை என்கிறது. நின்ற இடத்திலிருந்தே பார்ப்பவற்றைத் தேர்ந்தெடுங்கள். முகம் வெளிறினாலோ வியர்த்தாலோ உடனே கழற்றிவிடுங்கள். “இன்னும் கொஞ்சம் பாருங்களேன்” என்று யாரையும் வற்புறுத்தாதீர்கள். வலிப்பு வந்ததுண்டா என்று முன்கூட்டியே தனியாகக் கேட்டுவிடுங்கள். குழந்தைகளுக்கு, தயாரிப்பாளர் சொல்லும் வயது வரம்பையும் பெற்றோர் கையெழுத்தையும் தளர்த்த வேண்டாம்.

முகத்தில் படும் பகுதிக்கு சிலிக்கோன் உறை போட்டு, ஒவ்வொருவருக்குப் பின்னும் துடைத்து உலரவிடுங்கள். ஈரத்தோடு மாட்டினால் லென்ஸில் ஆவி படியும். லென்ஸுக்கு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும். ஆல்கஹால் பட்டால் பூச்சு கெடும்.

செயலிகளின் உரிமம் பலவற்றில் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே. பொது இடத்தில் காட்ட உருவாக்கியவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

ஒரு சார்ஜ் ஏறத்தாழ 2 மணி நேரம்தான் வரும். முந்தின நாளே சார்ஜ் ஏற்றி, அப்டேட்களையும் முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதலில் வந்தவர் தன் 15 நிமிடமும் டவுன்லோட் சதவீதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.