குழியில் விழுந்த காருக்கு நகரசபையிடம் நட்டஈடு கேட்பது

ஒன்ராறியோவில் வீதிக் குழியால் கார் சேதமடைந்து நகரசபையிடம் நட்டஈடு கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் வந்து சேர்வது ஒரு மறுப்புக் கடிதம்தான். மாகாணம் விதித்திருக்கும் குறைந்தபட்சப் பராமரிப்பு நியமங்களை நகரசபை நிறைவேற்றியிருப்பதாகவும், ஆகவே இந்தச் சேதத்துக்குத் தான் பொறுப்பல்ல என்றும் அதில் இரண்டு பந்திகள் இருக்கும். நம்மவர்களில் பலர் அதை நீதிபதியின் தீர்ப்பைப்போல எடுத்துக்கொண்டு, ரயருக்கும் ரிம்முக்கும் தங்கள் கையிலிருந்து பணம் கட்டிவிட்டு அத்துடன் விட்டுவிடுகிறார்கள். அந்தக் கடிதத்தை எழுதியவர் வழக்கின் எதிர்த்தரப்பு என்பதையும், அதில் சொல்லப்படும் நியமங்கள் எவரும் எடுத்து வாசிக்கக்கூடிய பொதுச் சட்டம் என்பதையும் அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. என் சித்தப்பாவின் காருக்காக இந்த வேலையில் இறங்கியபோது நான் அறிந்துகொண்டவற்றை, இன்னொருவருக்குப் பயன்படக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2001-ஆம் ஆண்டின் ஒன்ராறியோ நகராட்சிச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, தன் பொறுப்பிலுள்ள வீதியை அதன் தன்மைக்கும் அமைவிடத்துக்கும் ஏற்ற நியாயமான நிலையில் வைத்திருக்க வேண்டிய கடமையை நகராட்சியின்மேல் சுமத்துகிறது. அந்தக் கடமையில் தவறினால், ஏற்பட்ட சேதத்துக்கு அது பொறுப்பாகும். ரொறன்ரோவுக்கு மட்டும் 2006-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. அதன் 42-ஆம் பிரிவு இதே கடமையைச் சொல்கிறது. ஆனால் கடமையைச் சொன்ன அதே பிரிவு நகராட்சிக்கு மூன்று தற்காப்புகளையும் கொடுத்திருக்கிறது. வீதியின் பழுது தனக்குத் தெரியாது, தெரிந்திருக்க நியாயமும் இல்லை என்பது ஒன்று. பழுது ஏற்படாமல் இருக்க நியாயமான நடவடிக்கை எடுத்தேன் என்பது மற்றொன்று. குறைந்தபட்ச நியமங்களை நிறைவேற்றிவிட்டேன் என்பது மூன்றாவது. மறுப்புக் கடிதங்களில் நாம் அதிகம் காண்பது இந்த மூன்றாவதைத்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது பத்து நாள் கெடு. சேதம் நடந்த பத்து நாட்களுக்குள், நாள், நேரம், இடம் ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு, எழுத்துமூலமான அறிவித்தல் நகரசபையின் கிளார்க் அலுவலகத்துக்கு நேரில் கொடுக்கப்படவோ பதிவுத் தபாலில் அனுப்பப்படவோ வேண்டும். நகரசபையின் 311 தொலைபேசிச் சேவையை அழைத்துச் சொல்லிவிட்டேன் என்பது இந்த அறிவித்தலுக்கு ஈடாகாது. கெடு தவறினால் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் இல்லை; தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்து, அதனால் நகராட்சியின் தற்காப்புக்குப் பாதிப்பு இல்லையென்று நீதிபதி கருதினால் வழக்கை அனுமதிக்கலாம். ஆனாலும் அதை நம்பி இருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

சித்தப்பா இரவு வேலை முடித்து மழையில் திரும்பிக்கொண்டிருந்தார். நீர் நிறைந்திருந்த குழி கண்ணுக்குத் தெரியவில்லை. முன் ரயர் வெடித்து, ரிம் வளைந்து, கார் வீதியோரத்திலேயே நின்றுவிட்டது. நகரசபைக்கு எழுதலாம் என்று நான் சொன்னபோது, "சிற்றிக்காரனோட ஆர் தம்பி மல்லுக்கட்டுறது? விடு, நான் ஒரு சனிக்கிழமை கூட வேலை செய்தால் சரியாப் போயிடும்" என்றார். அந்த ஒரு சனிக்கிழமையை அவர் ஏன் கொடுக்க வேண்டும் என்பதுதான் எனக்கு இருந்த கோபம். பொதி விநியோகத்துக்கும் வாடகைக் காருக்கும் தங்கள் சொந்த வண்டியை ஓட்டி வாழ்கிறவர்கள் நம்மிடையே ஏராளமானவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ரிம் வளைந்தால் திருத்தக் கூலியோடு அந்த நாட்களின் வருமானமும் சேர்ந்தே போகிறது. "எழுதிப் பார்ப்பம் சித்தப்பா, காசு கேக்கிறது குற்றமில்லை" என்று சொல்லி, அறிவித்தலை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். மழை விட்டபின், போக்குவரத்து இல்லாத நேரத்தில், குழியின் அகலமும் ஆழமும் தெரியும்படி அளவுநாடாவை வைத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டோம். இந்த அளவு ஏன் முக்கியம் என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

நியமங்கள் எனப்படுபவை ஒழுங்குவிதி 239/02-இல் இருக்கின்றன. ரொறன்ரோவுக்கு ஒழுங்குவிதி 612/06. நாளொன்றுக்கு எத்தனை வாகனங்கள் ஓடுகின்றன, வேக வரம்பு என்ன என்பவற்றை வைத்து வீதிகளை அவை வகுப்புகளாகப் பிரிக்கின்றன. தார் வீதிக் குழியைத் திருத்தும் கடமை நகரசபைக்கு எழுவதற்கு, அது 1-ஆம் வகுப்பில் 600 சதுர சென்ரிமீற்றரையும், 2-ஆம் வகுப்பில் 800-ஐயும், 3 முதல் 5 வரையான வகுப்புகளில் 1,000-ஐயும் பரப்பளவில் தாண்டிய குழியாக இருக்க வேண்டும். அத்துடன் எல்லா வகுப்புகளிலும் ஆழம் 8 சென்ரிமீற்றரைத் தாண்ட வேண்டும். 600 சதுர சென்ரிமீற்றர் என்பது ஏறத்தாழ ஒரு ஏ4 தாளின் பரப்பு. பரப்பு, ஆழம் இரண்டும் சேர்ந்து எல்லையைக் கடந்தால்தான் திருத்தும் கடமை எழுகிறது. 7 சென்ரிமீற்றர் ஆழமான குழி எவ்வளவு அகலமாக இருந்தாலும் அந்த வீதி நல்ல நிலையில் இருப்பதாகவே சட்டம் கருதும். இன்றைய கார்கள் பலவற்றில் ரயரின் பக்கச்சுவர் மிகக் குறுகியது. கூரிய விளிம்புள்ள 7 சென்ரிமீற்றர் குழி அதை வெடிக்கச் செய்யப் போதும். 2002-இல் வகுக்கப்பட்ட இந்த எல்லை ஓட்டுநருக்கு நியாயம் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை.

அளவைத் தாண்டிய குழியைத் திருத்தக் கொடுக்கப்பட்டுள்ள கால அவகாசம் 1-ஆம், 2-ஆம் வகுப்பு வீதிகளில் 4 நாட்கள், 3-ஆம் வகுப்பில் 7, 4-ஆம் வகுப்பில் 14, 5-ஆம் வகுப்பில் 30. இந்த நாட்கள் குழி தோன்றிய அன்றிலிருந்து எண்ணப்படுவதில்லை. அது இருப்பதை நகராட்சி அறிந்த பிறகே எண்ணத் தொடங்குகின்றன. நேரடியாக அறியாவிட்டாலும், அறிந்திருக்க வேண்டிய சூழ்நிலை இருந்தால் அறிந்ததாகவே கொள்ளப்படும் என்றும் ஒழுங்குவிதி சொல்கிறது. அறிவதற்காகவே ரோந்து விதிக்கப்பட்டிருக்கிறது: 1-ஆம் வகுப்பு வீதியை ஏழு நாட்களில் மூன்று முறையும், 2-ஆம் வகுப்பை இரண்டு முறையும், 3-ஆம் வகுப்பை ஒரு முறையும், 4-ஆம் வகுப்பைப் பதினான்கு நாட்களுக்கு ஒரு முறையும், 5-ஆம் வகுப்பை முப்பது நாட்களுக்கு ஒரு முறையும் பார்வையிட வேண்டும். ஆக, நட்டஈட்டு வழக்கு முழுவதும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: இந்தக் குழி இருப்பது நகரசபைக்கு எப்போது தெரிந்தது?

அதற்கான பதில் நகரசபையின் பதிவேடுகளில்தான் இருக்கிறது; அவற்றைக் கேட்டுப் பெறும் உரிமை நமக்கு இருக்கிறது. நகராட்சிகளுக்கான தகவல் அறியும் சட்டத்தின் கீழ் 5 டொலர் கட்டணத்துடன் விண்ணப்பித்தால், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. சித்தப்பாவின் கோரிக்கைக்கு வழக்கமான மறுப்புக் கடிதம் வந்தபின், அந்த வீதியின் வகுப்பு, அந்தக் குளிர்காலத்து ரோந்துக் குறிப்புகள், அந்த இடத்தைப் பற்றிப் பொதுமக்கள் செய்த முறைப்பாடுகள், திருத்த வேலைப் பதிவுகள் ஆகியவற்றைக் கேட்டு விண்ணப்பித்தோம். கிடைத்த தாள்களில் ஒன்று எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. விபத்துக்கு ஒரு மாதத்துக்கும் முன்பே, அதே குழியைக் குறித்து, அந்த வீதியில் வசிப்பவர் ஒருவர் அறிவித்திருந்தார். அது 4-ஆம் வகுப்பு வீதி. அவகாசம் 14 நாட்கள். திருத்தியதற்கான பதிவு எதுவும் இல்லை. அந்தத் தாளின் பிரதியை இணைத்து மீண்டும் எழுதிய பிறகு, நகரசபையின் சார்பில் கோரிக்கையைக் கையாண்ட மதிப்பீட்டாளர் பணம் தர முன்வந்தார். பழைய ரயருக்குப் புதிய ரயர் வாங்கியதால் தேய்மானத்தைக் கழித்துக்கொண்டார்கள். ரிம்முக்கும் அலைன்மென்டுக்கும் இழுவை வண்டிக்கும் பற்றுச்சீட்டுப்படி முழுமையாகக் கொடுத்தார்கள்.

இப்படி ஒரு தாள் எல்லோருக்கும் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ரோந்து ஒழுங்காக நடந்து, குழி அதற்குப் பிறகே தோன்றியிருந்தால், நகரசபையின் மறுப்பு சரியானதாகவே இருக்கும். நீர் வெடிப்புகளுக்குள் இறங்கி, உறைந்து, உருகி, தாரின் அடித்தளத்தைக் குலைக்கும் மாசி, பங்குனி மாதங்களில் ஓரிரு இரவுகளிலேயே பெருங்குழி உண்டாவதும் உண்மை. ஆனால் அது அப்படித்தான் நடந்ததா என்பதைப் பதிவேட்டைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். 2011-இல் ரொறன்ரோ மாநகரின் குறைகேள் அதிகாரியாக இருந்த பியோனா கிறீன், மாநகரம் இத்தகைய கோரிக்கைகளைக் கையாளும் விதத்தை விசாரித்து, போதிய ஆய்வும் விளக்கமும் இல்லாமல் மறுப்புகள் அனுப்பப்படுவதைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டார் என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டும்.

யாருடைய வீதி என்பதையும் தொடக்கத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. நம்மவர்கள் நாளாந்தம் ஓடும் மார்க்கம் ரோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காபுறோவுக்குள் அது ரொறன்ரோ மாநகரின் வீதி. மாநகரின் வடக்கு எல்லையான ஸ்ரீல்ஸ் வீதியைத் தாண்டியதும் அதன் பெரும்பகுதி யோர்க் பிராந்தியத்தின் பொறுப்பு. மேஜர் மக்கென்சி வீதிக்கு வடக்கே அது மாகாணத்தின் 48-ஆம் நெடுஞ்சாலை. பொறுப்பில்லாத அலுவலகத்துக்கு எழுதிக் காத்திருந்தால், பத்து நாட்கள் அதிலேயே கரைந்துவிடும். சந்தேகம் இருந்தால் இரண்டு இடங்களுக்கும் அனுப்புங்கள். 401 போன்ற மாகாண நெடுஞ்சாலைகளுக்குச் சட்டம் வேறு. அங்கும் பத்து நாள் அறிவித்தல் உண்டு.

சொந்தக் காப்புறுதியைப் பயன்படுத்தலாமே என்று கேட்பவர்களுக்கு: குழியில் விழுவதைக் காப்புறுதி நிறுவனங்கள் பெரும்பாலும் மோதல் விபத்தாகவும், ஓட்டுநரின் தவறாகவுமே கணக்கில் எடுக்கின்றன. நாமே முதலில் ஏற்க வேண்டிய தொகையான டிடக்டிபிள் 500 அல்லது 1,000 டொலராக இருக்கும்போது, ஒரு ரிம்முக்காகக் காப்புறுதியைத் தொட்டு அடுத்த வருடக் கட்டணத்தை ஏற்றிக்கொள்வதில் இலாபமில்லை. நகரசபை இறுதிவரை மறுத்தால், சிறு வழக்கு நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே வழக்குத் தொடரலாம். அதற்குப் பொதுவான கால எல்லை இரண்டு ஆண்டுகள்.

எங்களுக்குக் கிடைத்த அந்தத் தாளில், முறைப்பாடு செய்தவரின் பெயர் சட்டப்படி மறைக்கப்பட்டிருந்தது. அவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. தன் காருக்கு எதுவும் நேராமலே அவர் செய்த ஓர் அழைப்புத்தான் சித்தப்பாவின் பணத்தை மீட்டுக்கொடுத்தது. அதன் பின் நானும் சித்தப்பாவும் எங்கே பெருங்குழியைக் கண்டாலும் அறிவித்துவிடுகிறோம். அறிவிக்கும்போது அருகிலுள்ள வீட்டு இலக்கம், எந்தத் திசையில் செல்லும் எந்தத் தடம், கண்ணளவில் எவ்வளவு ஆழம் என்பவற்றைச் சொல்லி, அவர்கள் தரும் பதிவிலக்கத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் குழியை நிரப்பப் போடப்படும் குளிர்கலவை (சூடாக்காத தார்க் கலவை) சில கிழமைகளிலேயே பெயர்ந்துவிடுவது உண்டு. பழைய முறைப்பாடு திருத்தி முடிக்கப்பட்டதாக மூடப்பட்டிருக்கும் என்பதால், அப்படிப் பெயர்ந்த குழியைப் புதிதாக மறுபடியும் அறிவிக்க வேண்டும்.