எச்டிஎம்ஐ போர்ட் எந்த கிராபிக்ஸ் கார்டோடு இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

வெளி மானிட்டரைச் செருகினால் "நோ சிக்னல்", அவ்வளவுதான். இன்டெல், என்விடியா என்று இரண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப், உபுண்டு 22.04 லினக்ஸ், திரையை எக்ஸ்ஆர்க் என்ற மென்பொருள் கையாளும் அமர்வு. மூன்று நாள் மாலை இதிலேயே போனது. முதலில் கேபிளைச் சந்தேகப்பட்டுப் புதிதாக ஒன்று வாங்கினேன், அதிலும் இதே கதை. திரைகளைப் பட்டியலிடும் எக்ஸ்ராண்டர் கட்டளையைக் கொடுத்தால் இடிபி-1, அதாவது லேப்டாப்பின் சொந்தத் திரை மட்டும் வருகிறது. எச்டிஎம்ஐ என்று ஒரு வரிகூட இல்லை.

அப்புறம் நிறுவாமலே இயங்கும் லினக்ஸ் உள்ள ஒரு லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து பார்த்தேன், உடனே மானிட்டரில் படம் வந்துவிட்டது! அப்படியானால் கேபிளும் போர்ட்டும் நன்றாகத்தான் இருக்கின்றன, சிக்கல் நான் நிறுவியிருப்பதில். அங்கேயே எந்த போர்ட் எந்த கார்டோடு என்று காட்டும் /sys/class/drm (சிஸ், கிளாஸ், டிஆர்எம்) கோப்புறைக்குள் போய்ப் பார்த்தபோது இடிபியும் டைப்-சி வழியே படம் அனுப்பும் டிபியும் (டிஸ்ப்ளேபோர்ட்) ஒரு கார்டின் பெயரோடும், எச்டிஎம்ஐ இன்னொரு கார்டின் பெயரோடும் இருந்தன. பல கேமிங் லேப்டாப்களில் இப்படித்தான், எச்டிஎம்ஐ போர்ட்டை மதர்போர்டிலேயே என்விடியா சிப்போடு நேராக இணைத்திருப்பார்கள், மென்பொருளால் அதை மாற்ற முடியாது. நானோ பேட்டரி கூடுதலாக நிற்கட்டும் என்று சில மாதம் முன்பு எந்த கிராபிக்ஸ் இயங்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பிரைம்-செலக்ட் கட்டளையில் "இன்டெல்" என்று கொடுத்துவிட்டு மறந்தே போயிருந்தேன். அந்த முறையில் என்விடியா சிப் கணினியின் வன்பொருளைக் காட்டும் எல்எஸ்பிசிஐ பட்டியலில்கூட வராது, அதோடு சேர்ந்து போர்ட்டும் காணாமல் போகும்.

சரி, சூடோ (நிர்வாகி அனுமதி) போட்டு பிரைம்-செலக்ட் கட்டளையில் "ஆன்-டிமாண்ட்", அதாவது தேவைப்படும்போது என்விடியா, என்று கொடுத்து ரீஸ்டார்ட் செய்தேன். எக்ஸ்ராண்டரில் எச்டிஎம்ஐ-1-0 என்று புது வரி வந்தது, மானிட்டரும் வந்தது. இதற்குப் பிறகும் வராதவர்கள் என்விடியா-டிஆர்எம் என்ற டிரைவர் மாட்யூலில், திரையைக் கர்னல் கையாள வைக்கும் மோட்செட் அமைப்பின் மதிப்பு "ஒய்" என்று இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் பூட் ஆகும்போது கர்னலுக்குக் கொடுக்கும் அளவுருவில் அதற்கு 1 கொடுக்க வேண்டும்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: இந்த முறையில் இன்டெல் வரைந்த படத்தை என்விடியா வாங்கி வெளியே அனுப்புகிறது, அதனால் மானிட்டர் செருகியிருக்கும் வரை அந்தச் சிப் தூங்காது, பேட்டரி வேகமாக இறங்கும். மேசையில் சார்ஜரோடு இருக்கும்போது கவலையில்லை. வெளியே ப்ரொஜெக்டரில் காட்டப் போகும்போது மட்டும் டைப்-சியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் அடாப்டரை எடுத்துப் போகிறேன், என் லேப்டாப்பில் டைப்-சி இன்டெல் பக்கம் இருப்பதால் என்விடியாவை எழுப்பாமலே படம் வந்துவிடுகிறது.