ஒரே தண்டர்பேர்டில் மூன்று வண்டி

போன ஞாயிற்றுக்கிழமை கோவை கணபதியில் எங்கள் ஷெட்டுக்கு வெளியே மூன்று வண்டிகளையும் வரிசையாக நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்தோம். பால் ஊற்ற வந்த அண்ணன் டிவிஎஸ்ஸை ஸ்டாண்டு போட்டுவிட்டு, "ஏனுங்க தம்பி, இது மூணும் என்னென்ன கம்பெனிங்க?" என்று கேட்டார். மூன்றுமே ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்ட் 350, 2012-க்கு அப்புறம் வந்த 20 லிட்டர் டேங்க் மாடல் என்றேன். அவர் நம்பவில்லை. குனிந்து மூன்று என்ஜினையும் மாறி மாறிப் பார்த்த பிறகுதான் தலையை ஆட்டினார்.

ஒரே வண்டியை ஆளுக்கு ஒரு மாதிரி மாற்றிக் கட்டுவது நம் பக்கத்துக்காரர்களுக்குப் புதுசே இல்லை. லாரி கம்பெனி தருவது வெறும் சேசிஸ், அதாவது என்ஜினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டம். அதுவே கரூருக்குப் போனால் பஸ்ஸாகும், நாமக்கல்லுக்குப் போனால் லாரியாகும், திருச்செங்கோட்டில் ரிக் ஏற்றினால் போர் போடும் வண்டியாகும். யார் ஓட்டப்போகிறார், எந்த ரோட்டில், என்ன வேலைக்கு என்று கேட்டுவிட்டுத்தான் பாடி கட்ட ஆரம்பிப்பார்கள். பைக்குக்கும் அதே கேள்விதான். உட்காருகிற இடம், கை பிடிக்கிற இடம், கால் வைக்கிற இடம், இந்த மூன்றையும் நகர்த்தினாலே வண்டியின் குணம் மாறிவிடும். பெயிண்ட்டெல்லாம் கடைசி வேலை.

தண்டர்பேர்டை எடுக்கக் காரணம் இருக்கிறது. 346 சிசி, 4000 ஆர்பிஎம்மிலேயே 28 என்எம் இழுவை, கார்புரேட்டர், முன்னால் 19 இஞ்ச், பின்னால் 18 இஞ்ச் சக்கரம். 2020-ல் இதை நிறுத்திவிட்டு, அதன் இடத்தில் மீட்டியார் என்ற மாடலைக் கொண்டுவந்தார்கள், ஆனால் சாமானுக்கு நான் இதுவரை அலைந்ததில்லை.

முதல் வண்டி என்னுடையது, பாபர். ஒற்றை சீட், தாழ்ந்த உட்காரும் இடம், பின் மட்காடு டயரை ஒட்டி. அந்த மட்காடுக்குத்தான் இரண்டு வாரம் போனது. தகடு தட்டி வெல்டிங் வைக்கும் டிங்கர் அண்ணன் டயர் மேல் பழைய கிணற்றுக் கயிற்றைச் சுற்றிக் கட்டி, அதன் மேல் தகட்டை வைத்துத் தட்டி வளைத்தார். கயிற்றை உருவினால் சுற்றிலும் ஒரே அளவு இடைவெளி, ஸ்கேலே வேண்டாம். மட்காடை, பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மோடு சேர்த்து போல்ட் போட்டோம், டயரோடு அதுவும் ஏறி இறங்கும். வெல்டிங் முடிந்ததும் ஓட்டிப் பார்க்க எனக்குக் கை துறுதுறுத்தது. அவர் விடவில்லை. பின் ஷாக் இரண்டையும் கழட்டி, ஜாக்கி வைத்து, சக்கரத்தை முழுசாக மேலே ஏற்றச் சொன்னார். மட்காடு போய் சீட்டுக்கு அடியில் இருந்த போல்ட் தலையில் முட்டி நின்றது. ஒரு ஸ்பீடு பிரேக்கரில் தெரிந்திருக்க வேண்டியது ஷெட்டிலேயே தெரிந்தது. சீட்டை ஒரு இஞ்ச் தூக்கினோம்.

இரண்டாவது திருப்பூர் நண்பனுக்கு, கஃபே ரேசர். தாழ்ந்த ஹேண்டில் பார், அதற்கேற்ப ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னால் தள்ள வேண்டும். தண்டர்பேர்டில் கால் நன்றாக முன்னால் நீட்டியிருக்கும், ஹேண்டிலை மட்டும் இறக்கினால் இடுப்பு ஒடிந்துவிடும். கியருக்கு லேத்தில் நீளமான ராடு கடைந்து மாட்டி முதல் கியருக்கு மிதித்தால், கியர் தலைகீழாக விழுகிறது! ஷாஃப்ட்டில் இருந்த சின்ன ஆர்மை மேல் கீழாகத் திருப்பி மாட்டியதும் சரியானது. ஆடி மாதம் பல்லடம் தாண்டி உடுமலை ரோட்டில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது இந்த வண்டியில் படுத்து ஓட்டுவது சுகம். அவிநாசி ரோட்டு நெரிசலில் மணிக்கட்டு வலிக்கும், அதை அவனிடம் முன்னாடியே சொல்லிவிட்டேன்.

மூன்றாவது பொள்ளாச்சி மச்சானுக்கு. தோப்புக்கும் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனம்) வாய்க்கால் மேட்டுக்கும் போய் வர, மண் பாதையில் ஓடும் ஸ்க்ராம்ப்ளர் மாதிரி கேட்டார். அகலமான ஹேண்டில், தட்டையான சீட், கட்டம் போட்ட டயர். இதில் ஒரு தப்புப் பண்ணினேன். அழகாக இருக்கட்டும் என்று ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழட்டிவிட்டு சின்ன கூம்பு ஃபில்டர் போட்டேன், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைத் தொடவில்லை. பத்து நாளில் வண்டி சூடாகிறது, இழுவை இல்லை என்று மச்சான் போன் செய்தார். போய் இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டினால் முனை சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. காற்று கூடி, பெட்ரோல் பத்தாமல் எரிந்திருக்கிறது. பெரிய மெயின் ஜெட் போட்டும் சமாளித்திருக்கலாம், ஆனால் தோப்புப் புழுதிக்கு அந்தச் சின்ன ஃபில்டர் தாங்காது. பழைய பெட்டியையே திருப்பி மாட்டினேன். அடுத்த வாரம் பிளக் காப்பித்தூள் நிறத்துக்கு வந்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

மூன்றிலும் சேசிஸை அறுக்கவில்லை, கம்பெனி சைலன்சரை மாற்றவில்லை. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கலர் மாற்றினால் ஆர்டிஓ ஆபீசில் ஆர்சி புக்கிலும் ஏற்ற வேண்டும். எது செய்வதானாலும் முதலில் அங்கே கேட்டுவிட்டு ஸ்பேனரை எடுங்கள். அப்புறம், டேங்கில் வெல்டிங் வைக்க வேண்டி வந்தால், பெட்ரோலை வடித்துவிட்டோம் என்று நம்பாதீர்கள். உள்ளே ஆவி நிற்கும், நெருப்புப் பட்டால் வெடிக்கும். நன்றாகக் கழுவி, தண்ணீர் நிரப்பிய பிறகுதான் எங்கள் டிங்கர் கேஸ் வெல்டிங்கைப் பற்றவே வைப்பார்.

நாலாவது தண்டர்பேர்ட் இப்போது ஷெட்டுக்குள் நிற்கிறது, அப்பாவுக்கு. சீட்டையும் ஃபுட்ரெஸ்ட்டையும் தொடப்போவதில்லை, அவருக்கு அது பழகின இடம். வலது தோள்பட்டை வலிக்கிறது என்பதால் ஹேண்டில் மட்டும் இரண்டு இஞ்ச் பின்னால் வர வேண்டும். நேற்று அவரை வண்டியில் உட்கார வைத்து, முழங்கை தளர்ந்து நிற்கிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை அந்த அளவுக்குப் பைப் வளைக்கப் போகிறேன்.