நாற்பது வினாடிக்குப் பிறகு

என்னிடம் ஒரு டெஸ்ட் பாட்டு உண்டு. சவுண்ட் வேலையில் இருக்கிற எல்லாரிடமும் ஒன்று இருக்கும். ஸ்பீக்கர்களை அடுக்கி, கேபிள் இழுத்து, மிக்சரை ஆன் செய்ததும் முதலில் அதைத்தான் போடுவோம். அது எப்படி ஒலிக்க வேண்டும் என்று காதுக்கு மனப்பாடம் என்பதால், மாறி ஒலித்தால் உடனே தெரிந்துவிடும். என்னுடையது எண்பதுகளில் வந்த ஒரு சினிமாப் பாட்டு. தனியாக பேஸ் கிடார் தொடங்கும், எட்டாவது வினாடியில் தபலா சேரும், பதினைந்தில் வயலின் கூட்டம், இருபத்தெட்டில் பெண் குரல். நாற்பது வினாடிக்குள் லோ, மிட், ஹை மூன்றும் வந்து போய்விடும். ஹால் எப்படி, எந்த ஸ்பீக்கர் மக்கர் பண்ணுகிறது, எதைக் குறைக்கணும் என்று அதற்குள் பிடிபட்டுவிடும். நிறுத்திவிடுவேன்.

இருபது வருஷத்தில் அந்த நாற்பது வினாடியை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அந்தப் பாட்டின் இரண்டாவது சரணம் என்னவென்று 2019 வரை எனக்குத் தெரியாது.

1992-இல், பதினேழு வயதில், துறையூர்ப் பக்கம் ஒரு மைக் செட் கடையில் சேர்ந்தேன். காதுகுத்து, சடங்கு, கோவில் கொடை, கட்சிக் கூட்டம் என்று போவோம். புளியமரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவது என் வேலை. குழாயில் பேஸும் வராது, மேலே சன்னமான சத்தமும் வராது, நடுவில் இருப்பது மட்டும் மூன்று ஊருக்குக் கேட்கும். மரத்தின் மேல் உட்கார்ந்து, காதை அடைக்கிற சத்தத்தில், கூடவே பாடிக்கொண்டு கட்டுவேன். அப்போது எனக்குப் பாட்டுதான் கேட்டது. இதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதுண்டு.

1999-இல் சென்னைக்கு வந்து பெரிய மேடைகளுக்கு வேலை செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தபோதுதான் காதுக்குப் பயிற்சி தொடங்கியது. என்னைப் பழக்கிய அண்ணன் தங்கமான மனிதர், கண்டிப்பானவர். நிகழ்ச்சிக்கு முன்னால் மைக்கை வேண்டுமென்றே கத்தவிடுவார். ஸ்பீக்கரில் வரும் சத்தம் மைக்குக்குள் போய், மறுபடி ஸ்பீக்கருக்கு வந்து, சுற்றிச் சுற்றிப் பெருகிக் கத்தும் இல்லையா, அது எத்தனை ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு எத்தனை அதிர்வில், கத்துகிறது என்று மீட்டரைப் பார்க்காமல் சொல்லணும். சொல்லிவிட்டு, சத்தத்தை 31 பட்டைகளாகப் பிரித்துக் கூட்டிக் குறைக்கிற ஈக்வலைசரில் அந்த ஒன்றை மட்டும் இறக்கணும். உயிரெழுத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். 'ஓ' என்று கத்தினால் 500 ஹெர்ட்ஸ் பக்கம். 'ஆ' என்றால் 1000. 'ஈ' என்றால் 4000. ஒரே மாதத்தில் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வந்துவிட்டது. "உனக்குக் காது இருக்குடா" என்றார். அன்றைக்கு நான் தூங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் அந்தக் காது குற்றம் கண்டுபிடிக்கப் பழகிய காது. வேலை முடிந்ததும் அதைக் கழற்றி வைக்க முடியாது. கல்யாண வீட்டில், பஸ்ஸில், டீக்கடையில், எங்கே பாட்டு கேட்டாலும் முதலில் பிசிறு தெரியும், இரைச்சல் தெரியும், எந்த ஸ்பீக்கர் கிழிந்திருக்கிறது என்று தெரியும். மிருதங்கத்தின் வலந்தலையில் உள்ள கறுப்புப் பூச்சுதான் சாதாரணத் தோல் வாத்தியங்களில் இல்லாத சுருதியை அதற்குத் தருகிறது, அதன் மேலொலிகள், அதாவது அடிப்படைச் சுருதிக்கு மேலே கூடவே எழுகிற ஒலிகள், வீணைத் தந்தியில் போல ஒழுங்காக அமைகின்றன என்று சி.வி. ராமன் 1920-இலேயே எழுதியிருக்கிறார். அதைத் தேடிப் படித்து, புதுப் பையன்களுக்கு விளக்கமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனம் நடக்கிறபோது நான் கேட்டது இரண்டு மைக்கின் அளவுகளை. வாசித்தவர் என்ன வாசித்தார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வீட்டிலும் அப்படித்தான் ஆனது. கையில் காசு புரளத் தொடங்கிய காலத்தில் நல்ல ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், ஹெட்போன் என்று வாங்கிக் குவித்தேன். சாயங்காலம் உட்கார்ந்தால் ஒரு பாட்டின் அரை நிமிஷத்தை இந்த ஆம்ப்ளிஃபயரில், அதே அரை நிமிஷத்தை அந்த ஆம்ப்ளிஃபயரில் என்று மாற்றி மாற்றிக் கேட்பேன். ஒன்று இன்னொன்றைவிட ஒரே ஒரு டெசிபல் சத்தமாக இருந்தாலும், சத்தம் கூடியது காதுக்குத் தெரியாது, தரம் கூடியதாகத்தான் தோன்றும். அது தெரிந்திருந்தும் ஏமாந்து, மறுநாள் திருத்தி, மறுபடி வாங்கி... மனைவி சமையலறையிலிருந்து, "ஒரு பாட்டையாவது முழுசா விடுங்களேன்" என்பாள். அவள் கேட்டது எவ்வளவு நியாயமான விஷயம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

2013-இல் அப்பா இறந்தார். காரியம் முடிந்த மறுநாளே ஒரு கச்சேரிக்கு வேலைக்குப் போனேன். அன்றைக்குப் பாடியவர் என்ன பாடினார் என்று இன்றுவரை தெரியாது. இடது பக்க ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் ஹம், கரண்டின் விடாத முனகல், இருந்தது, அர்த்திங் சரியில்லை, அது மட்டும் தெரியும். அழவில்லை. ஹம்மைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் 2017 டிசம்பர் சீசனில் நடந்தது. மயிலாப்பூரில் சின்ன சபா ஒன்று. பாடியவர் அறுபது வயதைத் தாண்டிய அம்மா. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது குரலில் ஒரு கரகரப்பு, மரம் அறுக்கிற மாதிரி மெலிதாக. 3000 ஹெர்ட்ஸ் பக்கம் இறக்கினேன், இன்னும் கொஞ்சம் இறக்கினேன், குரல் வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. எனக்கு நல்ல திருப்தி. கச்சேரி முடிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா என்னைத் தேடி வந்தார். "ரொம்ப அழகா வெச்சிருந்தீங்க தம்பி. ஆனா அது என் குரல் இல்லையே. அந்த இடத்துல கொஞ்சம் தொண்டை கம்மினாத்தான் பாட்டு பாட்டா இருக்கும்." கோபமாகச் சொல்லவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். சரிம்மா என்று தலையாட்டினேன். அவருக்கு சவுண்ட் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னது விளங்க ஒன்றரை வருஷம் ஆனது. 2019 கோடையில் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கோவில் திருவிழா. தெற்கு வீதிப் பந்தலில் ராத்திரி பாட்டுக் கச்சேரி, நான் மிக்சரில். அதற்கு முன்னால் சுவாமி புறப்பாடு. சப்பரம் வீதி சுற்றும்போது உச்சி கம்பியில் தட்டும் என்பதால் அந்தத் தெருக்களில் கரண்டை நிறுத்திவிடுவார்கள். அதனால் எங்களுக்கு ஜெனரேட்டர். சப்பரம் பந்தலுக்கு எதிரே வந்து நின்றபோது ஜெனரேட்டரும் நின்றுவிட்டது. ஜெனரேட்டர் ஆள் மெக்கானிக்கைக் கூட்டிவர பைக்கில் போனார். மிக்சரில் ஒரு விளக்கும் எரியவில்லை. தீவட்டி வெளிச்சம் மட்டும்தான். எனக்குச் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. ஆம்ப்ளிஃபயர் பெட்டி மேல் உட்கார்ந்தேன்.

நாதஸ்வரக்காரருக்கு மைக் எதற்கு? ஐம்பது வயது இருக்கும் அவருக்கு. வாத்தியத்தில் நூல் கட்டித் தொங்கும் சீவாளிகளில், அதாவது வாயில் வைத்து ஊதுகிற நாணல் துண்டுகளில், ஒன்றை எடுத்து நாக்கில் நனைத்து, ஊதிப் பார்த்து, பிடிக்காமல் இன்னொன்றை எடுத்துச் சொருகினார். தோடி ராகத்தைத் தொடங்கினார். பத்தடி தூரத்தில் நான்.

முதல் சில நிமிஷங்கள் பழக்கம் விடவில்லை. 2000, 2500 பக்கம் கொஞ்சம் தூக்கல் என்று மனசு சொல்கிறது. விரல் தானாக இருட்டில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரைத் தேடுகிறது. தேடி, உயிரில்லாத ஃபேடரைத் தொட்டுத் திரும்புகிறது. இப்படி நாலைந்து தடவை. பிறகு விரல் அடங்கிவிட்டது. அது அடங்கிய பிறகு எனக்குக் கேட்டதை எழுதத்தான் இவ்வளவும் எழுதுகிறேன், ஆனால் சரியாக எழுத வருமா என்று தெரியவில்லை. தோடியின் காந்தார ஸ்வரத்தை நேராக வைக்க மாட்டார்கள், அசைத்து அசைத்துத்தான் பிடிப்பார்கள். அவர் அந்த காந்தாரத்துக்கு வருவார், தொடுவார், விட்டுவிடுவார். மறுபடி வேறு வழியாக வருவார். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் வாசலில் நின்று நின்று திரும்புகிற ஆள் மாதிரி. பிறகு மூச்சு வாங்க நிறுத்தினார். சுருதி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த இடைவெளியில் எனக்கு எங்கள் வீட்டு ரேடியோ ஞாபகம் வந்தது. மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்திருப்பார் அப்பா, பேஸ் கிடைக்கும் என்று. ராத்திரியில் இலங்கை வானொலி வைப்போம். பாட்டு தெளிவாக வரும், திடீரென்று தேய்ந்து, இரைச்சலில் அமுங்கிப் போய்விடும். மீடியம் வேவ் ராத்திரியில் அப்படித்தான், வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வருகிற அலை கூடும், குறையும். பாட்டு அமுங்கியதும் அம்மா அதை வாங்கிப் பாடத் தொடங்குவாள். நிறுத்தாமல், தாளம் தப்பாமல். இரைச்சல் விலகிப் பாட்டு திரும்பி வரும்போது அம்மாவும் பாட்டும் ஒரே வார்த்தையில் நிற்பார்கள். அப்பா அதைக் கேட்டு ஒவ்வொரு தடவையும் சிரிப்பார். எனக்கு அப்பாவின் முகத்தைவிட அந்தச் சிரிப்புச் சத்தம்தான் இருட்டில் நன்றாகத் தெரியும்.

நாதஸ்வரம் மறுபடி எழுந்தது. நேராக மேல் ஷட்ஜம். நான் அழுதுகொண்டிருந்தேன். ஆறு வருஷம் தாமதமாக.

பக்கத்தில் நின்ற பெரியவருக்கு எண்பது வயது இருக்கும். என் தோளில் கை வைத்து, "சின்னப் பையனா இருக்கிறப்போ ராஜரத்தினம் பிள்ளையோட தோடியைக் கேட்டிருக்கேன் தம்பி, இதே வீதியில" என்றார். நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956-இல் காலமானவர், அவர் பெயரைச் சொன்னாலே தோடிதான் என்பார்கள். சென்னைக்கு வந்ததும் அவர் தோடி வாசித்த பழைய இசைத்தட்டின் பதிவைத் தேடிக் கேட்டேன். அந்தக் காலத்து 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான் இடம். சரசரவென்ற சத்தம், பேஸ் கிடையாது, 5000, 6000 ஹெர்ட்ஸுக்கு மேல் உருப்படியாக ஒன்றுமே இல்லை. எங்கள் பழைய குழாய் ஸ்பீக்கர் கணக்கு. ஒரு மணி நேரம் வாசிக்கிற ராகத்தைச் சில நிமிஷத்தில் அடக்கியிருக்கிறார், ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. இதே பதிவை ஐந்து வருஷம் முன்னால் கேட்டிருந்தால் பத்தாவது வினாடியில் நிறுத்தியிருப்பேன்.

இதைப் படித்துவிட்டுக் கருவியெல்லாம் வீண் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நான் அதில்தான் சாப்பிடுகிறேன். 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு மேடைச் சத்தம் பத்தில் ஒரு வினாடி தாமதமாகத்தான் போய்ச் சேரும். அங்கே தனி ஸ்பீக்கர் வைத்து, அதே அளவு தாமதம் கொடுக்காவிட்டால் அவருக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்கும், பாட்டு கேட்காது. பின்வரிசைக்காரருக்கும் பாட்டு போய்ச் சேரணும் என்றால் அந்தக் கணக்கு தெரிந்த ஒருத்தன் வேண்டும். காதைத் தீட்டிக்கொடுத்த அண்ணனுக்கு நான் என்றைக்கும் நன்றி உள்ளவன்.

மாறியது நான் உட்கார்ந்திருக்கிற விதம். முன்பு கச்சேரி முழுக்க மிக்சரைப் பார்த்தபடி இருப்பேன், மூன்று மணி நேரத்தில் ஒரு நிமிஷம் கை சும்மா இருக்காது. இப்போது இரண்டாவது உருப்படி முடிவதற்குள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு மேடையைப் பார்க்கிறேன். பாடுகிறவர் கண்ணை மூடினால் தொடுவதில்லை. தொண்டை கம்மினால் தொடுவதில்லை. தம்பூராவைக் கொஞ்சம் கூட்டச் சொன்னால் கூட்டுகிறேன். முன்னைவிட இப்போது பாடகர்கள் என்னைத்தான் கேட்டு வாங்குகிறார்கள், அதற்கு இதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். வீட்டில் மூன்று ஆம்ப்ளிஃபயர்களை விற்றுவிட்டேன். ஒன்று போதும். மேலே 13,000 ஹெர்ட்ஸுக்கு அப்பால் என் காதுக்கு இப்போது கேட்பதில்லை, டோன் போட்டுப் பார்த்துவிட்டேன். முன்பென்றால் அது எனக்குப் பெரிய துக்கமாக இருந்திருக்கும்.

அந்தத் திருவிழா முடிந்து நான் நேராகச் சென்னைக்குப் போகவில்லை. சாமான்களை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, பஸ் பிடித்துத் துறையூர் போனேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். தங்கை மகன் வாங்கிக் கொடுத்த போனை எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி வைத்திருந்தாள், சத்தம் கூடுதலாக வரும் என்று. முன்பெல்லாம் அந்த டம்ளரைப் பார்த்தாலே எனக்குப் பொறுக்காது. நல்ல ஸ்பீக்கர் ஒன்று வாங்கி வந்து வைத்தேன், அட்டைப் பெட்டியிலேயே இருக்கிறது. அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன்.

"சாப்பிட்டியாப்பா?"

"ஆச்சும்மா."

போனில் அடுத்த பாட்டு தொடங்கியது. பேஸ் கிடார் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் கேட்கவே இல்லை. தபலா வந்த பிறகுதான் அடையாளம் தெரிந்தது. என் டெஸ்ட் பாட்டு. வயலின்கள் டம்ளருக்குள் கணகணத்தன. பெண் குரல் வந்தது. நாற்பது வினாடி கடந்தது. பல்லவி முடிந்து முதல் சரணம் வந்தது. அம்மா வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டிருந்தாள். சரணம் முடிந்து, வாத்தியங்கள் ஓய்கிற இடத்தில் பாட்டு நின்று ஏதோ மசாலாத்தூள் விளம்பரம் வந்தது.

அம்மா நிறுத்தவில்லை. ரேடியோ காலத்துப் பழக்கம். விளம்பரத்தைக் காதில் வாங்காமல், கை கீரையை உருவ, இரண்டாவது சரணத்தைப் பாடத் தொடங்கினாள். எனக்குத் தெரியாத சரணம். அவளுக்கு அந்தக் குரல் இன்னும் இருக்கிறது, நடுவில் ஒரு இடத்தில் கம்முகிறது. ஒரு வரி பாடினாள், இரண்டாவது வரிக்குப் போனாள். விளம்பரம் முடிந்து பாட்டு விட்ட இடத்திலிருந்து திரும்ப ஆரம்பித்தது. ரேடியோவாக இருந்தால் இருவரும் ஒரே இடத்தில் இருந்திருப்பார்கள். இதில் அம்மா இரண்டு வரி முன்னால் போய்விட்டிருந்தாள்.

பாடுவதை நிறுத்தினாள். கீரைக் காம்பு கையிலேயே இருக்க, டம்ளரைப் பார்த்தபடி, பாட்டு அந்த வரிக்கு வரட்டும் என்று காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன்.